மெய்யியலுக்கும் இலக்கியத்துக்கும் நடுவில் ஒரு கலாநிதிப் பட்டம்

போன மாதம் கொடிகாமத்திலிருந்து ஒரு பிள்ளை என்னைப் பார்க்க வந்தாள். மெய்யியலில் சிறப்புக்கலைமாணி முடித்து, ஒரு வருடம் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்துவிட்டு, இனி ஜேர்மனிக்குப் போய் ஒப்பியல் இலக்கியத்தில் கலாநிதிப் பட்டம் செய்யப்போகிறாளாம். "உங்களை மாதிரித்தான் அக்கா" என்றாள். எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் கதைத்தும் பாதிகூடச் சொல்லி முடியவில்லை. மிச்சத்தை எழுதி அனுப்புகிறேன் என்று அனுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அது ஓர் ஆளுக்கான கடிதமாக நிற்கவில்லை. 2018 இல் நானும் இதே வழியில் புறப்பட்டபோது என்னைக் கூப்பிட்டு இருத்தி இதையெல்லாம் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. ஆகவே இது அவளுக்கும், அவளுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்கும்.

நான் கோண்டாவில். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்கக் கிளம்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்குப் பத்து வயது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தால் முற்றத்தில் புல் முழங்காலளவு. கிணற்றுக்கட்டில் இரண்டு அணில்கள், எங்களைக் கண்டும் ஓடாமல், இது எங்கட வீடு நீங்கள் ஆர் என்ற மாதிரிப் பார்த்தன. பல்கலைக்கழகத்தில் குறுந்தொகையின் 41 ஆம் பாட்டைப் படித்த அன்று அந்த அணில்கள் திரும்ப வந்தன. 'மக்கள் போகிய அணிலாடு முன்றில்' என்று அதில் வரும். காதலன் பிரிந்தால் ஆட்கள் விட்டுப்போன வீடு மாதிரி ஆகிவிடுகிறேன் என்று ஒரு பெண் தோழிக்குச் சொல்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அகப்பாட்டில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பாடிய புலவருக்கும் பெயர் தெரியாமல், அந்த வரியையே எடுத்து அணிலாடு முன்றிலார் என்று வைத்துவிட்டார்கள். என் பாடமோ மெய்யியல். அங்கே ஜேர்மன் மெய்யியலாளர் ஹெகலின் அழகியல் விரிவுரைகளில், தன்னுணர்ச்சிப் பாடல் என்பது ஒரு தனி மனத்தின் வெளிப்பாடு என்று படித்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் பெயரே இல்லாத ஒருத்தி 'நான்' என்று சொல்லும்போது அந்த 'நான்' யார்? இந்தக் கேள்விதான் என்னை ஜேர்மனி வரைக்கும் கொண்டுபோய் ஆறு வருடத்துக்கு மேல் அலைக்கழித்தது. கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. அதை எந்தத் துறையின் படிவத்தில் எழுதினேன் என்பதில்தான் பிழை.

படித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது உயர்தரம் எழுதிவிட்டுக் காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. அளவையியலும் விஞ்ஞானமுறையும் எனக்குப் பிடித்த பாடம், அதனால் மெய்யியலுக்குப் போனேன். நான்கு வருடப் படிப்பு இழுபட்டு ஒருவழியாக முடிந்தது. 2012 இல் தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவில்லை, சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒப்பந்தம் முடியும், சில மாதம் வீட்டில் இருப்பேன், திரும்பக் கூப்பிடுவார்கள். இப்படியே ஐந்து வருடம், இடையில் முதுமாணியும் முடித்தேன். தற்காலிகமாக இருக்கிறவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நிரந்தர நியமனம் பெற்ற தகுதிகாண் விரிவுரையாளர் மேற்படிப்புக்குப் போகும்போது கற்கை விடுமுறை எடுத்து, சம்பளத்தோடு, பிணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். திரும்பி வர அவருக்கு ஒரு கதிரை இருக்கும். தற்காலிகமாக இருந்தவருக்கு விடுமுறையும் இல்லை, சம்பளமும் இல்லை, கதிரையும் இல்லை. இது எனக்குத் தெரியும். ஆனால் கலாநிதிப் பட்டத்தோடு வந்தால் கூப்பிட்டுத் தருவார்கள் என்று ஒரு நம்பிக்கை. யார் சொன்னது என்று கேட்டால் ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லவேண்டும். 2016 இல் ஒரு 'சர்வதேச ஆய்விதழ்' மின்னஞ்சல் அனுப்பியது. "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று தொடங்கியிருந்தது. நான் பேராசிரியரா? அந்த ஒரு வரியிலேயே சந்தேகம் வந்திருக்கவேண்டும். கட்டுரை அனுப்பிய நான்காம் நாள் ஏற்றுக்கொண்டோம் என்று பதில், கூடவே 250 டொலர் கட்டணம். அன்றைய மதிப்பில் 36,000 ரூபாய். கட்டினேன். பிற்காலத்தில் என் மேற்பார்வையாளர் அந்த இதழின் பெயரைப் பார்த்துவிட்டு, "இதை உன் சுயவிவரத்திலிருந்து எடுத்துவிடு, இருந்தால்தான் கெடுதல்" என்றார். கட்டுரையை உண்மையில் இரண்டு பேர் வாசித்துக் குறை எழுதி அனுப்ப எப்படியும் மாதக்கணக்கில் ஆகும். நான்கு நாளில் ஒன்றும் நடக்காது.

சரி, இனி முக்கியமான இடம். மேற்பார்வையாளரைத் தேடி ஒன்றரை வருடம் கடிதம் எழுதினேன். கடைசியில் ஜேர்மனியில் ஒரு பேராசிரியை பதில் போட்டார். ஒரே பல்கலைக்கழகத்தில் மெய்யியலிலும் ஒப்பியல் இலக்கியத்திலும் இரண்டு கால் வைத்திருந்தவர். அணில் பாட்டை மொழிபெயர்த்து அனுப்பினேன், அதற்கே மூன்று பக்கத்தில் பதில் எழுதினார். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பதிவுப் படிவத்தில் 'பாடம்' என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. "எதில் பதியப்போகிறாய், எனக்கு இரண்டும் ஒன்றுதான்" என்றார். அந்தப் பீடத்தில் மெய்யியலில் பதிந்தால் லத்தீன் தேர்ச்சி காட்டவேண்டும். ஜேர்மனியில் மனிதப் பண்பியல் பாடங்களில் பல இடங்களில் இந்த விதி உண்டு. ஒப்பியல் இலக்கியத்துக்கு அங்கே அது தேவையில்லை. முப்பத்திரண்டு வயதில் இனி லத்தீன் வேறு படிப்பதா என்று நினைத்து, ஒப்பியல் இலக்கியம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எந்தப் பாடமென்றாலும் கிடைக்கப்போவது 'டொக்டர் ஃபில்' என்ற ஒரே பட்டம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பட்டம் ஒன்றுதான். ஆனால் சான்றிதழில் பாடத்தின் பெயரும் அச்சடிக்கப்படும், அதை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். லத்தீனுக்கு ஒரு வருடம் போயிருக்கும். அந்தப் பெட்டியில் எழுதிய இரண்டு சொல் எனக்கு அதைவிடக் கூடுதலான காலத்தைத் தின்றது.

ஆகவே தங்கச்சி, நான் உனக்கு அன்றைக்குச் சொல்ல விட்ட விஷயம் இது. ஜேர்மன் படிவத்தை நிரப்புவதற்கு முன்னால், நீ திரும்பி வந்து விண்ணப்பிக்கப்போகும் பதவியின் விளம்பரத்தை எடுத்து வை. எங்கள் பல்கலைக்கழகங்கள் எல்லாம் பத்திரிகையிலும் தங்கள் இணையத்தளத்திலும் போடுகின்றன. பழைய விளம்பரம் நாலைந்தைச் சேர்த்து ஒரு கொப்பியில் ஒட்டு. 'மெய்யியலில்' என்று மட்டும் நிற்கிறதா, 'தொடர்புடைய துறையில்' என்றும் சேர்த்திருக்கிறார்களா என்று பார். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு பெட்டியை நிரப்பு. ஒப்பியல் இலக்கியத்துக்கென்று தனித் துறை வைத்திருக்கும் ஊர்களில் இந்தச் சிக்கல் இல்லை. கல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956 இலேயே தொடங்கிவிட்டார்கள். இங்கே ஒப்பியலாளர் யாராக இருந்தாலும் ஏதோ ஒரு துறையின் வாசலில்தான் போய் நிற்கவேண்டும்.

காசுக் கதை. ஜேர்மன் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்டவேண்டும். 2018 இல் அது 8,640 யூரோ, மாதம் 720 வீதம் திருப்பி எடுக்கலாம். இந்தத் தொகை அடிக்கடி ஏறும், 2024 செப்ரெம்பரில் 11,904 ஆகிவிட்டது. நான் கட்டிய 8,640 யூரோ எங்கள் காசில் அன்றைக்குப் பதினாறரை இலட்சம். என் சேமிப்பு நான்கு இலட்சம். சுவிஸ் சித்தப்பா தந்தது ஆறரை. மிச்சத்துக்கு அம்மா எனக்கென்று சேர்த்து வைத்திருந்த நகையில் பன்னிரண்டு பவுணை விற்றோம். அடைவு வைத்தால் முழுப் பெறுமதியும் தரமாட்டார்கள், வட்டியும் ஓடும், அதனால் விற்றுவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். "கழுத்தில போட வேண்டியதை வங்கியில போடுறாய்" என்று அம்மா ஒரு தரம் சொன்னா, பிறகு வாயே திறக்கவில்லை. பவுண் அப்போது ஐம்பதாயிரத்தைச் சுற்றி நின்றது. 2022 இல் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டிப் போனது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அந்த நகையை விற்றிருக்கவே தேவையில்லை என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். முடக்கக் கணக்கில் திரும்பவும் ஒரு வருடக் காசு காட்டச் சொன்னார்கள். முழிசிக்கொண்டு நின்றேன். அங்கிருந்த பெண், "உங்களுக்கு ஜேர்மனியில் உறவினர் யாரும் இல்லையா, அவர்கள் பொறுப்பேற்புக் கடிதம் தரலாமே" என்றார். ஜேர்மனியில் வதியும் ஒருவர், போதிய வருமானம் இருந்தால், உங்கள் செலவுக்கு நான் பொறுப்பு என்று தன் ஊர் அலுவலகத்தில் போய்க் கையெழுத்து வைத்துத் தரலாம். சிறு கட்டணம்தான். முதல் விசாவுக்கே அது செல்லும். எனக்கு அங்கே மாமி ஒருவர் இருந்தார், ஹம் நகரத்துக்குப் பக்கத்தில். 2002 இல் கும்பாபிஷேகம் நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறதே, அதிலிருந்து கார் ஓட்டத்தில் கால் மணி நேரம். ஆனால் நாங்கள் அவையோடு கதை பேச்சு இல்லை. என் ஐயாவும் மாமாவும் ஒரு வேலியில் கதியால் அரை முழம் தள்ளி நட்டதற்காக 1989 இலிருந்து கோபம். ஐயா போய்ச் சேர்ந்து பல வருடமாகியும் அந்தக் கோபத்தை நாங்கள் பத்திரமாக வைத்திருந்தோம். கடைசியில் வெட்கத்தை விட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். மாமி படிவத்தைப் பார்த்தார், கையெழுத்து வைத்தார், சோறு போட்டார். "முதலே கேட்டிருக்கலாமே பிள்ளை, நான் என்ன மாட்டன் எண்டா சொல்லப்போறன்?" என்றார். அந்த அரை முழத்தின் விலை பன்னிரண்டு பவுண். யாழ்ப்பாணத்தில் ஜேர்மனியில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. கோபதாபம் எதுவானாலும் முதலில் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று, காப்புறுதி. முப்பது வயது தாண்டியவர்களுக்கு மாணவருக்குரிய மலிவான அரச மருத்துவக் காப்புறுதி கிடையாது. நான் இணையத்தில் கண்ட மிக மலிவான தனியார் காப்புறுதி ஒன்றை எடுத்தேன். இரண்டாம் குளிர்காலத்தில் கடைவாய்ப்பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்யவேண்டி வந்தது. ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் பல்லுக்கு வலி நிவாரணம் மட்டும் என்று இருந்தது. 640 யூரோ கைக்காசு. பல்லையெல்லாம் யாழ்ப்பாணத்திலேயே பார்த்து முடித்துக்கொண்டு போங்கள்.

படிப்பு என்னவோ இனித்தது, அதை மறைக்கக்கூடாது. அந்தப் பேராசிரியையின் கருத்தரங்கில் ஒரு பாட்டை எட்டுப் பேர் மூன்று மணித்தியாலம் வைத்துக்கொண்டிருப்போம். பெயர் இல்லாத 'நான்' பற்றி நான் சொன்னபோது கிரேக்கம் படித்த ஒரு பெடியன் சண்டைக்கு வந்தான். பழைய கிரேக்கக் கவிஞர் சப்போவின் பாட்டில் அவளே தன் பெயரைச் சொல்கிறாளே, தமிழில் மட்டும் ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டான். மறைப்பது இல்லை, பெயர் போனால்தான் அந்த இடத்தில் கேட்கிறவர் யாரும் வந்து நிற்க முடியும் என்று சொன்னேன். கோண்டாவில் முற்றத்தில் நின்ற பத்து வயதுப் பிள்ளையும் அந்த வரிக்குள் போய் நிற்க முடிந்தது அதனால்தான். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அந்தச் சண்டையிலிருந்து வந்தது. இப்போதும் விரிவுரையில் அதைச் சொல்லும்போது ஒரு சூடு ஏறும்.

ஆனால் 2020 மார்ச்சில் நூலகம் மூடினார்கள். கையில் இருந்தவை 'மதுரைத் திட்டம்', 'நூலகம்' என்ற இரண்டு மின்னூல் வலைத்தளங்களிலிருந்து இறக்கி வைத்திருந்தவை மட்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு, 'நூலகம்' தளத்தில் 2005 இலிருந்து ஆட்கள் இருந்து இருந்து படி எடுத்துப் போட்ட ஈழத்து நூல்கள் ஜேர்மனியில் ஓர் அறைக்குள் கை கொடுத்தன. அந்த மாதங்களில் தெரிந்த இன்னொரு பிழை, தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதிய முறை. முதல் நாளிலிருந்து காதில் கேட்டபடி எழுதிக்கொண்டு வந்திருந்தேன். தமிழியல் ஆய்வில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் எழுத்துப்பெயர்ப்பு முறைதான் வழக்கம். முந்நூறு பக்கத்தையும் திரும்பத் திருத்த இரண்டு மாதம். எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் முதலே குறித்துக்கொள்ளுங்கள். குறுந்தொகைக்கு நான் உ. வே. சாமிநாதையரின் 1937 பதிப்பை வைத்துக்கொண்டேன். நடுவில் வேறொரு பதிப்பிலிருந்து எடுத்த பாடவேறுபாடு ஒன்று வாய்மொழித் தேர்வில் என்னை நன்றாகவே வாட்டியது.

வாய்மொழித் தேர்வு 2022 ஏப்ரலில் முடிந்தது. நல்ல தரம். கை குலுக்கினார்கள், தலையில் அட்டைத் தொப்பி ஒன்று வைத்தார்கள், படம் எடுத்தார்கள். அம்மாவுக்குக் காட்ட அழைப்பு எடுத்தால் இங்கே கரண்ட் இல்லை. ஊரில் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை நின்ற காலம். கையில் இருந்த கடைசி யூரோவில் பயணச்சீட்டு எடுத்து ஜூனில் வந்து சேர்ந்தேன். கட்டுநாயக்காவிலிருந்து பஸ் கிடைத்துக் கோண்டாவிலுக்கு வர ஒன்றரை நாள்.

வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது, நான் இன்னும் கலாநிதி இல்லை என்று. ஜேர்மனியில் தேர்வு முடிந்தால் பட்டம் வந்துவிடாது. ஆய்வேட்டை நூலாகவோ மின்வடிவிலோ வெளியிட்டு, குறித்த எண்ணிக்கையில் படிகளை நூலகத்தில் ஒப்படைத்த பிறகுதான் சான்றிதழைத் தருவார்கள். அதுவரைக்கும் 'தேர்வில் சித்தியடைந்தார்' என்ற தற்காலிகத் தாள் மட்டும். இடையில் 'டொக்டர்' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டால் அங்கே அது சட்டப்படி குற்றம். விதிக்கோவையில் எல்லாம் இருந்தது. ஜேர்மன் மொழியில், இருபதாம் பக்கத்துக்குப் பிறகு. நான் வாசித்தது முதல் பத்துப் பக்கம்.

ஓகஸ்டில் ஒரு வெளியீட்டகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் சிறந்த ஆய்வேட்டை நூலாக்குகிறோம், அச்சுச் செலவுப் பங்களிப்பு 1,900 யூரோ. அவசரத்தில் ஓம் என்றேன். யூரோ அப்போது 370 ரூபாய் அளவில் நின்றது, கணக்குப் பார்த்தால் ஏழு இலட்சம். அந்த நாளில் இங்கிருந்து வங்கி மூலம் வெளிநாட்டுக் காசு அனுப்புவதே பெரும்பாடு, ஆகவே அதையும் சுவிஸ் சித்தப்பாதான் கட்டினார். காசைக் கட்டிய பிறகுதான் பேராசிரியைக்கு எழுதினேன். அவர் திகைத்துப்போனார். பல்கலைக்கழகத்தின் சேமிப்பகத்தில் மின்வடிவில் ஏற்றினால் ஒரு சதமும் இல்லை, இரண்டு கிழமையில் சான்றிதழ் கையில் என்றார். கேட்காமல் ஏன் செய்தாய் என்றார். ஏன் செய்தேன்? தனியே இருந்து யோசிக்கிற ஆளுக்கு, கேட்பது என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும். மாமி கதையில் நடந்ததும் இதுதான். நூல் வெளிவர அடுத்த ஆண்டு நடுப்பகுதி ஆகிவிட்டது.

இதற்குள் 2022 நவம்பரில் ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. நெருக்கடியில் அரச துறைக்கு ஆள் எடுப்பது இறுகிப்போயிருந்த நேரம், கிடைத்த ஒன்று அது. மூலச் சான்றிதழ் எங்கே என்றார்கள். தற்காலிகத் தாளையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்வித்த மொழிபெயர்ப்பையும் நீட்டினேன். 'பட்டம் உரித்தாகும் திகதி' என்று அதில் ஒன்றும் இல்லை. அத்தோடு முடிந்தது.

2023 இறுதியில் இன்னொரு பல்கலைக்கழகம். இம்முறை சான்றிதழ் இருந்தது. தெரிவுக்குழுவில் ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து, "இதில ஒப்பியல் இலக்கியம் எண்டு கிடக்கு. நாங்கள் கேட்டது மெய்யியல். நீங்கள் மெய்யியலோ, இலக்கியமோ?" என்றார். இரண்டும்தான் ஐயா என்றேன். அறையில் ஒரு சிரிப்பு. மாதிரி விரிவுரைக்கு ஹெகலையும் அணில் பாட்டையும் சேர்த்து எடுத்தேன், அதுவும் பிழைத்தது. வெளியே வரும்போது "தமிழ்த் துறைக்குப் போடலாமே" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். தமிழ்த் துறை ஒன்றுக்கும் போட்டேன். அங்கே முதற்பட்டம் மெய்யியல் என்று திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு யாழ்ப்பாணம் வந்து இறங்கி, பஸ் நிலையத்தில் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பசிதான் வந்தது. ஒரு றோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு கோபத்தில் உட்கார்ந்து செய்த வேலையை முதலே செய்திருக்கவேண்டும். ஆய்வேட்டை இரண்டு பக்கத்துக்குச் சுருக்கினேன். ஒவ்வொரு அத்தியாயமும் எந்த மெய்யியல் கேள்விக்கு விடை தேடுகிறது என்று ஒரு வரி, அதற்குக் கீழே எந்த நூல்கள் என்று ஒரு வரி. பேராசிரியையிடம் ஒரு கடிதம் கேட்டேன். இந்த ஆய்வு மெய்யியலிலும் மதிப்பிடப்பட்டது, இரண்டாம் பரீட்சகர் மெய்யியல் துறைப் பேராசிரியர் என்று பல்கலைக்கழக முத்திரையோடு எழுதித் தந்தார். இந்தக் கடிதத்தை அவர் ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்பு வாங்கினேன். பிந்தியிருந்தால் முத்திரைக்கு யாரிடம் போயிருப்பேனோ. மேற்பார்வையாளர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று முதற்கடிதத்திலேயே கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. இரண்டாம் பரீட்சகரை உங்களுக்கு வேலை வேண்டிய துறையிலிருந்து கேட்டு வாங்குங்கள். எனக்கு அது தற்செயலாக அமைந்தது.

இன்னொரு வேலையும் செய்தேன். 'இரண்டும்தான் ஐயா' என்று சொல்லிச் சிரிப்பை வாங்கியவள், அடுத்த முறை அந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்வது என்று ஊர் வரலாற்றைப் பார்த்தேன். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்த க. கைலாசபதி யார்? பேர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடலைக் கிரேக்க, ஐரிஷ் வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டவர். 1968 இல் அது ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்தது. தனிநாயகம் அடிகள் குருமடத்தில் மெய்யியலும் ரோமில் இறையியலும் படித்துவிட்டு, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் போய்த் தமிழ் படித்தவர். அவரிடம் நீங்கள் எந்தத் துறை என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? 2024 இல் மூன்றாவது நேர்முகத்தில் கேள்வி அப்படியே திரும்ப வந்தது. இந்தமுறை விளம்பரத்தில் 'தொடர்புடைய துறை' என்ற சொல் இருந்தது. இரண்டு பக்கத் தாளையும் கடிதத்தையும் கொடுத்தேன், கைலாசபதியைப் பற்றி ஒரு நிமிடம் சொன்னேன். மாதிரி விரிவுரையில் அணிலை விட்டுவிட்டு ஹெகலை மட்டும் எடுத்தேன். அது எனக்கு மனம் நோகத்தான் செய்தது. வேலை கிடைத்தது. முப்பத்தொன்பது வயதில் விரிவுரையாளர். என்னோடு தற்காலிகமாக இருந்து, ஊரிலேயே முதுதத்துவமாணி செய்து நிரந்தரமானவர்கள் இப்போது சிரேஷ்ட விரிவுரையாளர்கள். பேராசிரியர் பதவி என்பது எனக்கு, 65 வயதில் ஓய்வு பெறுவதற்குள் எட்டினால் எட்டியதுதான்.

நியமனக் கடிதம் வருவதற்கு முன் கடைசியாக ஒரு இழுபறி, பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் கலைமாணிச் சான்றிதழில் ஐயாவின் பெயர் முன்னெழுத்தாக இருக்கிறது. கடவுச்சீட்டில் அது குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் போய்விட்டது, ஜேர்மன் சான்றிதழ் கடவுச்சீட்டைப் பின்பற்றியது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தேன். இதை இரண்டு நாளில் செய்துவிடலாம், போகும்போதே ஐந்தாறு பிரதி செய்துகொண்டு போங்கள்.

நூலின் படிகள் பத்து வந்தன. எட்டு இன்னும் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் கிடக்கின்றன. ஒன்றைக் கொடிகாமத்துப் பிள்ளைக்குக் கொடுத்தேன். இன்னொன்றை அம்மா சாமி அறையில் ஐயாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. ஜேர்மனியில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு படி அவர்களின் தேசிய நூலகத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம். அங்கே ஒருநாள் பட்டியலில் தேடிப் பார்த்தேன். என் பெயரில் வரவில்லை. ஐயாவின் பெயரைப் போட்டதும் வந்தது. சங்கக் கடை மனேச்சராக இருந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட மனுஷன், பெயரில்லாத பெண்களின் பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம் எழுதியவராகப் பதிவாகியிருக்கிறார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவருக்கு அந்த அரை முழ வேலிக்கு வழக்கெழுதத்தான் தெரியும்" என்றா.